பஞ்சாயத்து அக்காவின் டீக்கடைத் தீர்ப்பு

கம்ப்யூட்டர் வழக்கை டீக்கடை பெஞ்சில் தீர்த்துவைத்த ஒரே நீதிபதி, இந்தப் பூமியில் எங்கள் பஞ்சாயத்து அக்காதான்.

எலப்புள்ளியில் சிமெண்டுக் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். முதலமடை மாங்காய் வியாபாரிகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் செல்போன் ஆப் செய்கிறோம். சண்முகம் புரோகிராம் எழுதுவான். எங்கள் வேலையைச் சேர்த்துவைத்து மேற்பார்ப்பது அக்கா. அதில் வரும் வாசகங்கள் என் பொறுப்பு. அதாவது, ஒரு வார்த்தை போதும் என்ற இடத்தில் ஒரு வானத்தையே இறக்கிவைப்பேன்.

ஒரே வரியை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திவிட்டால், சேர்த்துவைக்க வேண்டிய சாஃப்ட்வேர் மலைத்து நின்றுவிடும். இரண்டையும் மேலும் கீழுமாகப் போட்டு, எது வேண்டும் என்று கேட்கும். மற்ற ஆபீஸ்களில் ஒரு பட்டனைத் தட்டி முடிப்பார்கள். அக்காவோ இருவரையும் நாற்காலியிலிருந்து கிளப்பி, கீழே டீக்கடைக்கு ஓட்டிப்போவார். வாதம் அங்கேதான். தோற்றவர் தன் வரியைத் தன் கையால் அழிக்க வேண்டும். ஜெயித்தவர் அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும்.

"அடுத்தவன் அழிச்சா காயமுங்க. தானே அழிச்சா திருத்தம்" என்பார் அக்கா.

ஒருமுறை, லோடு ஏறியதும் டிரைவருக்குப் போகவேண்டிய செய்தியில் மோதல். சண்முகம் எழுதியது: 'லோடு ஏறியாச்சு. கிளம்பலாம்.' நான் எழுதியது: 'கனிகள் கிளையைத் துறந்தன. சக்கரமே, இனி உன் பயணம்.'

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவரைக் கூப்பிட்டு இரண்டையும் வாசித்தார் அக்கா. என் வரியைக் கேட்டதும் டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்தார்.

"ஏனுங்க்கா, யாரு தவறிட்டாங்க?"

அழித்தேன். எங்கள் ஆபீஸில் எனக்கு டீச்செலவே கிடையாது.

அக்கா வேலையை விட்டு, கொச்சியில் மகளோடு இருக்கப்போகும் நாள் வந்தது. ஆப்பின் முகப்பில் அவருக்கு நன்றியாக ஒரு வரி. சண்முகமும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் அதே இடத்தில் எழுதித் தொலைத்தோம். கடைசி நாளிலும் அவரைப் பஞ்சாயத்துக்கு இழுப்பதா? பெருந்தன்மை எனக்குப் பழக்கமில்லாத சட்டை, அன்று போட்டுக்கொண்டேன். அவனுக்குத் தெரியாமல் என் வரியை அழித்து, அவன் வரியை வைத்தேன். அவனோ எனக்குத் தெரியாமல் தன் வரியை அழித்து, என் வரியை வைத்திருந்தான்.

சேர்த்தால் மறுபடி மோதல். என் பக்கம் அவன் வரி, அவன் பக்கம் என் வரி.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"ரெண்டு பேரும் தோத்துட்டீங்க. இப்ப டீ யாருங்க வாங்குறது?"

அவரே வாங்கினார்.

இப்போதும் வரி மோதினால் நாங்கள் கீழே இறங்குகிறோம். கை தானாக மூன்று விரலைக் காட்டிவிடுகிறது. கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் மூன்று டீ போட்டுவிடுகிறார்.