புல்தரையில் முளைத்த சம்பல்

எனக்குச் செடிகொடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதற்கு நான் ஒரு மாப்பிள்ளை வீட்டாரையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அப்போதுதான் நானும் கணவரும் கொழும்பில், வெள்ளவத்தையில் கீழ்மாடி வீடொன்றுக்குக் குடிவந்திருந்தோம். வாசலில் நாலு பாய் விரிக்கும் அளவுக்குப் புல்தரை. (மேல்மாடிக்காரரிடம் அதை ‘கார்டன்’ என்றுதான் சொல்வேன்.) ஒரு மழைக்குப் பிறகு புல்லுக்குள் வட்ட வட்டமாக ஏதோ இலை தலைகாட்டியது. சில கிழமைகளில் மதில்வரை படர்ந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். வட்ட இலை, மெல்லிய தண்டு, தரையோடு ஓடும் கொடி. வல்லாரை! யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தர்ஷியைப் பார்க்க, கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளை அருணும் அவருடைய தாய் தகப்பனும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஏற்கனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. அப்பாவுக்குச் சுகமில்லாததால் யாழ்ப்பாணத்தை விட்டு வரமுடியாத அம்மா, முழுப் பொறுப்பையும் என்னிடம் தந்திருந்தார். “ஒண்டும் பிழைக்கக் கூடாது பிள்ளை” என்று காலையில் மட்டும் மூன்று முறை போன் எடுத்தார்.

நான் இலையைப் பிடுங்கி, கழுவி, குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்து சம்பல் போட்டேன். அரிவதற்கு முன் ஒரு படம் எடுத்து, ‘எங்கள் வீட்டு வல்லாரை!’ என்று போனில் இருந்த தோட்டக் குழுவுக்கும் அனுப்பினேன்.

சாப்பாட்டு மேசையில் அருணும் தர்ஷியும் ஆளையாள் பார்க்காமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருணின் அம்மாதான் இரண்டாம் முறையும் சம்பல் போட்டுக்கொண்டார்.

“வல்லாரை எங்க வாங்கினது பிள்ளை?”

“வாங்கேல்லை மாமி. எங்கட கார்டன்ல வந்தது.”

அந்தப் பெருமையான நொடியில் போன் அதிர்ந்தது. ‘அக்கா, இது வல்லாரை இல்லை. சாப்பிட்டிடாதேங்கோ.’ அதற்குக் கீழே இன்னொருவர்: ‘எங்கட பக்கம் மாடொண்டு இப்பிடி ஒரு கொடியைத் திண்டு செத்தது.’

நான் பேசாமல் இருந்திருப்பேன். (ஒரு வாய்ச் சோறு விழுங்கும் நேரம் பேசாமல்தான் இருந்தேன்.) அருணின் அப்பா திடீரென்று இருமினார். பச்சைமிளகாய்தான். ஆனால் எனக்குக் கண்ணுக்குள் மாடு நின்றது. எழுந்து கத்தினேன்:

“ஒருத்தரும் சாப்பிடாதேங்கோ! அது நஞ்சு!”

பிறகு எல்லாரும் அருணின் வான் வண்டியில் ஏறினோம். மாமி கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தார். தர்ஷியின் மடியில் ஒரு பை நிறைய அந்தச் செடி. இலைக்கறியே தொடாத என் கணவர் ஒருவர்தான் சம்பல் சாப்பிடாதவர். அதனால் எல்லாரும் அவரைச் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள நர்ஸ் பைக்குள் எட்டிப்பார்த்தார்.

“இது கொட்டுகொல இல்ல மிஸ்,” என்றார். (வல்லாரைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.) “கொட்டுகொலக்கு ஒரு பக்கம் வெட்டு இருக்கும். இதுக்கு நடுவுல தண்டு. குடை மாதிரி.”

டொக்டர் வந்தார். எல்லாருடைய நாடியையும் பார்த்தார், யாருக்கோ படம் அனுப்பிக் கேட்டார், கடைசியில் சிரித்துவிட்டார்.

“பயப்பிடாதேங்கோ. இது நஞ்சில்லை, புல்லுக்க வாற ஒரு களை. எதுக்கும் ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போங்கோ.”

நான் சுவரோர வாங்குப் பலகையில் விழுந்து, விக்கி விக்கி அழுதேன். யாரையும் கொல்லவில்லை என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல்! மாமி என் முதுகைத் தடவினார்.

“அழாதை பிள்ளை. உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

அந்த ஒரு மணித்தியாலமும் வாங்கின் மறுமுனையில் அருணும் தர்ஷியும் வாய் ஓயாமல் கதைத்தார்கள். புறப்படும்போது மாமி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இவன் இவ்வளவு கதைச்சு நான் கண்டதேயில்லை. அம்மாட்டச் சொல்லி நாள் பாக்கச் சொல்லும்.”

இப்போது அவர்களுடைய மகள் பாலர் வகுப்பில் படிக்கிறாள். அம்மா அப்பாவுக்கு எப்படிக் கலியாணம் நடந்தது என்று ரீச்சர் கேட்டபோது, வீட்டில் அடிக்கடி கேட்ட கதையைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறாள்: “பெரியம்மா எல்லாருக்கும் நஞ்சு குடுத்தவா. அதுக்குப் பிறகு கலியாணம்.”

அன்றிலிருந்து அவளைக் கூட்டிவர நான் போனால், ரீச்சர் தர்ஷிக்கு ஒரு போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் பிள்ளையை என்னோடு விடுகிறார்.