மாமா கடையில் ஒரு கன்டெய்னர்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமாவோட பிரியாணிக் கடைக்கு நான் நெட்ல போட்டுக் கொடுத்த ஆர்டர் பக்கம் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டு வரணும். அவ்வளவுதான்.

கடை யாங்கோன்ல, தின்கன்ஜூன் பக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் டான்பாவ் வாங்க ஊரே நிக்கும். எங்க பிரியாணிக்கு இங்க அதான் பேரு. ஆர்டரெல்லாம் வியாழக்கிழமையே வந்துடும்.

இதுல என் கல்யாணமும் மாட்டிக்கிட்டு இருக்கு. மாமா மக ஃபரீதாவை எனக்குப் பேசியிருக்காங்க. மாமா இன்னும் "சரி"ன்னு சொல்லல. "பையன் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றானாம், என்னன்னு பார்ப்போம்"னு மட்டும் சொல்லியிருந்தார்.

காட்டிடுவோம்னு முந்தாநாள் இறங்கினேன்.

ஆர்டர் எடுக்கிற பழைய பிஎச்பி அப்ளிகேஷன் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. அதையும் டேட்டாபேஸையும் கன்டெய்னருக்குள்ள போட்டு, கடையில அரிசி மூட்டைக்கு மேல இருந்த கம்ப்யூட்டர்ல ஓட விட்டேன்.

மாமா கேட்டார், "கன்டெய்னர்னா?"

"ஒரு பெட்டி மாதிரி மாமா. அப்ளிகேஷனுக்கு வேண்டியதெல்லாம் உள்ளயே இருக்கும். ஏதாவது கோளாறுன்னா பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு அதே மாதிரி புதுப் பெட்டி திறந்துக்கலாம்."

"அப்ப பழைய பெட்டிக்குள்ள இருந்த சாமான்?"

சிரிச்சேன். "மாமா, இது வேற பெட்டி!"

அந்தச் சிரிப்பை இப்ப நினைச்சாலும் காது சுடுது.

யாங்கோன்ல கரண்ட் தினம் போய்ப் போய் வரும். பட்டுன்னு போனா சில சமயம் அப்ளிகேஷன் எழுந்திருக்காது. அதுக்கு நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சேன். கம்ப்யூட்டர் ஆன் ஆன உடனே பழைய கன்டெய்னரை அழி, புதுசைத் திற. அடடா, என்ன மூளை!

டேட்டாவை, அதாவது வந்த ஆர்டரை மட்டும் கன்டெய்னருக்கு வெளியே ஒரு ஃபோல்டர்ல வைக்கணும். அதுக்கு ஒரே ஒரு வரி. நாளைக்குப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

நேத்து வியாழக்கிழமை. காலையிலேயே நாப்பத்தோரு ஆர்டர். மாமா முகத்துல சிரிப்பு. "மாப்ள, டீ குடிக்கிறியா?"ன்னார். அவர் என்னை மாப்ளன்னு கூப்பிட்டது அதான் முதல் தடவை!

பத்தரைக்குக் கரண்ட் போச்சு. ஒரு மணிக்குத் தெரு முழுக்க "மீ லாபீ!"ன்னு சத்தம். கரண்ட் வந்துடுச்சுன்னு பர்மாக்காரங்க போடுற கூச்சல். எல்லாரும் மோட்டார் போட ஓடுறாங்க. என் ஸ்கிரிப்டும் ஓடுச்சு.

பக்கம் ஜம்முன்னு திறந்துச்சு. கல்லாவுல இருந்த ஃபரீதா எட்டிப் பார்த்தா.

"கோ யூசுப், ஆர்டர் பூஜ்யம்னு காட்டுது." வயசுப் பையனை மரியாதையாக் கூப்பிட இங்க பேருக்கு முன்னாடி "கோ" போடுவாங்க.

"ரிஃப்ரெஷ் பண்ணு."

"பண்ணிட்டேன். இப்பவும் பூஜ்யம்தான். ஆனா பக்கம் அழகா இருக்கு."

உள்ள இருந்து மாமா, "எத்தனை கிலோ கறி வெட்டச் சொல்லட்டும்?"

நாளைக்கு நாப்பத்தோரு வீட்டுக்காரங்க பாத்திரத்தோட வந்து நிப்பாங்க. யார் யாருன்னு தெரியாது. மாமா மானம் போகும். என் கல்யாணமும் கூடவே போகும்.

காப்பாத்துனது ஃபரீதாதான். இங்க நெட் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால எதைப் பார்த்தாலும் முதல்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குவாங்க. "ஆர்டர் போட்டவங்க ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க"ன்னு கடையோட ஃபேஸ்புக் பேஜ்ல ஒரு வரி போட்டா. மடமடன்னு அவ ஃபோனுக்கு வந்து விழுந்துச்சு. நாப்பத்தொண்ணும்!

அவ படிக்கப் படிக்க நான் திரும்ப டைப் அடிச்சேன். ரெண்டு மணி நேரம். கடைசி ஆர்டரை அடிச்சு நிமிர்ந்து, "பார்த்தீங்களா மாமா?"ன்னேன்.

ஃபேன் நின்னுச்சு.

அப்பதான் உறைச்சுது. அந்த ஸ்கிரிப்டை எடுக்கவே இல்ல. அந்த ஒரு வரியையும் போடல. கரண்ட் இல்லாத மிஷினை உத்துப் பார்த்துக்கிட்டு நின்னேன். அரை மணி நேரத்துல தெருவுல மறுபடி "மீ லாபீ!" ஊரே சந்தோஷப்பட்டுச்சு, என்னைத் தவிர.

நான் மிஷின்கிட்ட ஓடுறதுக்குள்ள மாமாவே திரையைப் பார்த்துட்டார்.

"பூஜ்யம்."

"மாமா, அது வந்து..."

"புதுப் பெட்டியா?"

"ஆமா மாமா."

"பழைய பெட்டிக்குள்ள இருந்த சாமான்?"

இந்தத் தடவை நான் சிரிக்கல.

மாமா கோபப்படல. அதான் இன்னும் பயமா இருந்துச்சு. ஃபரீதா ஃபோனை வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரீன்ஷாட்டா தள்ளித் தள்ளி, நாப்பத்தொண்ணையும் நோட்டுல எழுதினார். எழுதி முடிச்சுட்டு, "தம்பி, நீ போய் வெங்காயம் உரி"ன்னார்.

மாப்ள மறுபடி தம்பி ஆயிட்டேன்.

மூணு கூடை உரிச்சேன். கண்ணு கலங்குனது வெங்காயத்தாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். ஃபரீதா மட்டும் நம்பல. பக்கத்துல வந்து உக்காந்து அவளும் நாலு வெங்காயம் உரிச்சா.

இன்னைக்கு நாப்பத்தோரு ஆர்டரும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சு. அந்த ஒரு வரியையும் போட்டுட்டேன், ஸ்கிரிப்டையும் தூக்கிட்டேன். சாயங்காலம் மாமா எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணி, கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லிட்டார்!

கல்யாணப் பத்திரிகையில போட வேண்டிய பேரையெல்லாம் அவரே அந்த நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டார். ஃபரீதா எனக்கு ஸ்க்ரீன்ஷாட் கணக்கா ஒரு படம் எடுத்து அனுப்பினா. எல்லாப் பேரும் பேனாவுல இருக்கு. மாப்பிள்ளை பேர் மட்டும் பென்சில்ல.