ஃபிஜியிலிருந்து வந்த அமலதாஸ்

"பஸ் ரவாங்கிலே படுத்திட்டுதாம். மத்தியானத்துக்கு முன்னம் வராதாம்!"

தொலைபேசியை வைத்துவிட்டுக் குமாரசிங்கம் சொன்னார். மாநாடு தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

ஒரு காலத்தில் சுல்தான்கள் கொலுவீற்றிருந்த தலைநகரம் கோலா சிலாங்கூர். 1986-இல் அதை அனைத்துலக மாநாட்டு நகரமாக்கியே தீருவது என்று வரவேற்புக் குழுத் தலைவர் மகாதேவா கங்கணம் கட்டியிருந்தார். முதல் மாநாடு, தென்னை பற்றியது. ஊரில் அறைகள் போதாததால் வெளிநாட்டுப் பேராளர்களைத் தொலைவிலுள்ள கோலா குபு பாருவில் தங்கவைத்ததும், அவர்களை ஏற்றிவர அந்தப் பஸ்ஸைப் பேசியதும் அலுவலகத் தலைமைக் கிராணி குமாரசிங்கம்தான்.

மகாதேவா பல்லைக் கடித்தார். "மாநாட்டுக்குத் தலைமை தாங்க ஜெனீவாத் தலைவர் வந்திட்டார். கீழே ஒரு வெளிநாட்டானும் இல்லையெண்டால் அடுத்த மாநாடு ஈப்போவுக்குப் போயிடும். உம்முடைய வேலையும் போயிடும்!"

மண்டபத்தில் எடுபிடி அமலதாஸ் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். குமாரசிங்கம் தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் மாட்டி, ஃபிஜி என்ற அட்டையைக் குத்தினார்.

"இண்டைக்கு ஒரு மணித்தியாலம் நீர் ஃபிஜி."

"ஐயா, நான் கிள்ளானையே தாண்டினதில்லையே லா!"

"வாயைத் திறவாதேயும்."

தட்டச்சு செய்யும் லில்லியன் மொரீஷியஸ் ஆனாள்.

"அங்க என்ன பாஷை பேசுவாங்க சார்?"

"ஆருக்குத் தெரியும்? சிரிச்சுக்கொண்டிரு பிள்ளை."

தலைவர் என்று அறிவிக்கப்பட்டு மேடையேறிய வெள்ளைக்காரர் இரண்டே வாக்கியம் பேசினார். வியர்வையைத் துடைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, கீழே இறங்கிவந்து நேராக அமலதாஸிடம் கேட்டார்: "உங்கள் நாட்டில் எத்தனை தீவுகள்?"

அமலதாஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்: "முந்நூறு இருக்கும் சார். தண்ணி ஏறினா குறையும்."

வெள்ளைக்காரர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். குமாரசிங்கம் பாய்ந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அடுத்து, மொரீஷியஸ் பேராளர் தம் தாய்மொழியில் வாழ்த்துரை வழங்குவார்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

லில்லியன் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு எழுந்து, கான்வென்டில் மனப்பாடம் செய்த லத்தீன் ஜெபத்தைக் கையை ஆட்டி ஆட்டி, அரசியல்வாதி மாதிரி முழங்கினாள். அவள் முடித்ததும் ஃபிஜி பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமென்" என்றது. பின்வரிசையிலிருந்தும் நாலைந்து ஆமென்கள் கேட்டன.

வெள்ளைக்காரர் முகம் வெளுத்தது. விடுவிடுவென்று வெளியேறினார்.

இருபத்தெட்டு வருஷ உத்தியோகம் கண்முன்னே சரிய, குமாரசிங்கம் பின்னாலேயே ஓடினார். காருக்குள் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தவரிடம் ஜன்னல் வழியாகவே எல்லாவற்றையும் கொட்டினார். பஸ், ஃபிஜி, மொரீஷியஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. "எனக்கு மூண்டு பெண்பிள்ளைகள், சார்" என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார். வெள்ளைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

காரோட்டி சன்னாசி குமாரசிங்கத்தின் தோளைத் தொட்டான்.

"அவரை விட்டுருங்க ஐயா, பாவம், பயந்துபோயிருக்காரு. கெர்லிங் தோட்டத்துல மிஷின் பூட்ட வந்த மனுஷன். ஜெனீவாக்காரர் வரலைன்னு மகாதேவா ஐயாதான் காலையில டை கட்டிவிட்டு ஏத்திட்டு வரச் சொன்னாரு."