டாக்டர் எழுதி முடிக்கட்டும் என்று இருந்தேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், நடந்தது முன்பின்னாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதை நானே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். என் மருமகள் செல்வி சொன்னால், நான் டாக்டரை அடித்ததாகவே ஆகிவிடுகிறது. (அடிக்கவில்லை. கையைத்தான் பிடித்தேன்.)

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். வடகவுஞ்சியிலிருந்து மாதம் ஒரு தடவை கொடைக்கானலுக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கி வருவேன். அந்த மாத்திரையை முழுங்கினால் எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறு என்று சுற்றும். கேரட் தோட்டத்தில் மேல் பாத்தியிலிருந்து கீழ்ப் பாத்திக்கு இரண்டு தடவை உருண்டிருக்கிறேன். (கூடையை மட்டும் விடவில்லை.)

இதை டாக்டரிடம் சொல்ல மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சொல்லாமலே வந்தேன். ஏனென்றால் அவர் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். காலையில் கணக்கப்பிள்ளை பேர் எழுதும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. எழுதுகிறவர் தலை நிமிர்ந்த பிறகுதான் பேச வேண்டும். இந்த டாக்டரோ நிமிரவே இல்லை. அவர் டக்கு டக்கு என்று தட்ட, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, "சரிம்மா, அடுத்த மாசம் வாங்க" என்று முடிந்துவிடும்.

நான்காவது தடவை கிளம்பும்போது செல்வி வாசலை மறித்தாள்.

"அத்தே, இன்னைக்கும் சொல்லாம வந்தீங்கன்னா நாளையிலருந்து தோட்டத்துக்கு விட மாட்டேன். வீட்டோட கெடங்க."

வீட்டோடு கிடப்பதா! ஒரே மூச்சாக முடிவெடுத்தேன். 'அய்யா, மாத்திரை போட்டா தலை சுத்துது.' பெருமாள்மலை வரைக்கும் பஸ்ஸில் இதையே முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்த அம்மா, செபம் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

உள்ளே போனால், அதே டக்கு டக்கு.

"தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" கேட்டது என்னையா, கம்ப்யூட்டர் பெட்டியையா என்று தெரியவில்லை. காத்திருந்தேன். தட்டுவது நிற்கவில்லை. "சரிம்மா, அடுத்த..." என்று அவர் ஆரம்பித்ததும் எனக்கு கேரட் தோட்டம் கண்ணில் வந்தது.

எட்டிப் பாய்ந்து, என் இரண்டு உள்ளங்கையாலும் அவர் இரண்டு கையையும் தட்டெழுத்துப் பலகையோடு சேர்த்து அமுக்கிவிட்டேன்.

திரையில் ஒரே எழுத்து எறும்பு வரிசையாக ஓடியது. பெட்டி கீ கீ என்று கத்தியது. நர்ஸ் ஓடி வந்து, "ஐயையோ, டாக்டர விடுங்கம்மா!" என்று என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு மீசை இருக்கிறது.

பஸ்ஸில் படித்தது மறந்துபோய், கிறுகிறுப்பு, உருண்டது, கூடை, செல்வி மிரட்டியது எல்லாம் கொட்டிவிட்டேன்.

"மூணு மாசமா ஏம்மா சொல்லல?"

"நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க அய்யா. முடிக்கட்டும்னு இருந்தேன்."

"நான் எழுதி முடிக்க சாயங்காலம் அஞ்சு மணி ஆகும்மா!"

பிறகு திரையில் பழைய பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்று மாதமும் 'தொந்தரவு இல்லை' என்றே எழுதியிருந்தாராம். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்து, மாத்திரையைப் பாதியாக்கினார். அதற்கப்புறம் நான் உருளவில்லை. தோட்டத்துக்கு இன்னும் பல வருஷம் போனேன்.

அடுத்த மாதம் நான் உள்ளே நுழைந்ததுமே டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கினார், திருடனைக் கண்டவர் மாதிரி. "சொல்லுங்கம்மா!" அதைப் போய் செல்வியிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்றைக்கும் நான் தொண்டையைச் செருமினால் போதும், வீட்டில் போன் நோண்டுகிற அத்தனை பேரும் கையைத் தூக்கிவிடுகிறார்கள்.

செல்வி, வருஷம் ஏழா எட்டா, உருண்டது இரண்டு தடவையா மூன்றா என்று நீயே பார்த்துத் திருத்திவிடு. திருத்தும்போது என்னிடம் எதுவும் கேட்காதே. எழுதுகிறவரிடம் எனக்கு இன்னும் பேச்சு வராது.