மூன்றாவது கியரில் மாமியார் ஆவி

வெள்ளிக்கிழமை என்றால் சான் கசிமிரோவில் நெல் காயவைக்க இடம் கிடையாது. களம் முழுக்கக் கார்கள். முன்னால் போகச் சொன்னால் யோசிக்கிற கார், பின்னால் போக அடியோடு மறுக்கிற கார், நடுரோட்டில் தியானத்தில் அமர்ந்துவிடுகிற கார். எல்லாம் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள். எல்லாம் யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டு இன்னொருவர் தலையில் கட்டியவை. லிங்கயென்னிலிருந்து ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மனிலாவிலிருந்து ஒரு குடும்பம் தள்ளிக்கொண்டே வந்ததாகப் பேச்சு. இருநூறு கிலோமீட்டர் எப்படித் தள்ளினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் அந்தக் களத்துக்கு வருவதில்லை.

எல்லாரும் காத்திருந்தது பிரதர் செராபினுக்காக. கத்தியில்லாமல் அறுவை சிகிச்சை செய்கிறவர். முன்பு மனிதர்களுக்குத்தான் செய்துகொண்டிருந்தார். வயிற்றில் வெறுங்கையை வைத்துப் பிசைவார், ரத்தம் சொட்டச் சொட்டக் கட்டியை எடுத்துக் காட்டுவார். பிறகு ஜனங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்தது. ஸ்கேனில் கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பிரதர் யோசித்தார். கார் ஸ்கேனுக்குப் போகாது. கார் செத்தால் போலீஸ் வராது. அன்றிலிருந்து கியர்பாக்ஸ்களில் கை வைக்கத் தொடங்கினார்.

வரிசையில் ஏழாவதாக நின்றது லியோனிலாவின் வேன். டகுபானில் பாங்குஸ் மீன் வாங்கி, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, மலைமேல் பேகியோவிலிருக்கும் உணவகங்களுக்குக் கொண்டுபோவது அவள் பிழைப்பு. கணவன் கப்பலில். வேனுக்குப் பதினெட்டு வயது, அவள் மூன்றாவது சொந்தக்காரி. கொஞ்ச நாளாக ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் சிங்கம்போல் கர்ஜித்தது, சக்கரம் அசையவில்லை. கியரைப் போட்டால் மூன்று எண்ணுகிற நேரம் கழித்து, யாரோ முதுகில் உதைத்ததுபோல் ஒரு குலுக்கல்.

கணவனின் தம்பி இசித்ரோ கியர்பாக்ஸ் மெக்கானிக். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தான்.

"தீஞ்சு போச்சு அண்ணி. உள்ள இருக்கற கிளட்ச் பிளேட்டெல்லாம் தேஞ்சுடுச்சு. எறக்கிப் பிரிச்சு மாத்தணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் மீனைத் தலையில வெச்சு மலையேறணுமா?" என்றாள் லியோனிலா. நேராகக் களத்துக்கு வந்துவிட்டாள்.

பிரதர் வெள்ளை உடையில் வந்தார். பானெட்டில் காதை வைத்தார். கூட்டம் மூச்சை அடக்கியது.

"இரண்டாவது கியருக்குள்ள ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்," என்றார். "இந்த வண்டியோட பழைய முதலாளி."

"அவர் உயிரோடதான் இருக்கார் பிரதர். போன வாரம் சந்தையில பார்த்தேன்."

"அதுதான் சிக்கலே. செத்தவனா இருந்தா சுலபமா எறக்கிடுவேன்."

இது லியோனிலாவுக்கு நியாயமாகவே பட்டது. வேனைச் சுற்றித் தரைவரை வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார்கள். பிரதர் பாய் விரித்து அடியில் மல்லாந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் செய்வாராம். திறந்தால் ஆவி கண் வழியாகப் புகுந்துவிடுமாம். அவருடைய மச்சான் ருபெர்தோ பானெட்டைத் திறந்து, ஆயில் குச்சி போகிற குழாயில் ஒரு பாட்டில் புனித எண்ணெயை ஊற்றினான். கீழே முனகல், உறுமல், ஒரு 'பொளக்'. பிரதர் கையை நீட்டினார். முழங்கைவரை சிவப்பு. கையில் கருஞ்சிவப்பாக ஒரு சதைக்கட்டி.

நான்கு பேர் மயங்கினார்கள். லியோனிலா காணிக்கைப் பெட்டியில் கைக்கு வந்ததைப் போட்டாள். வேன் ஓடியது. ஒன்பது நாள் குதிரைபோல் ஓடியது. பத்தாம் நாள் மலைவளைவில், பின்னால் ஐந்து லாரிகள் ஹாரன் அடிக்க, அப்படியே நின்றது. ஐஸ் கரைந்தது. பேகியோ உணவகக்காரர் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினார்.

"இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா."

மறுபடி களம். "பழைய முதலாளி போயிட்டான்," என்றார் பிரதர். "எடம் காலியா இருக்குன்னு அவன் பொண்டாட்டி வந்துட்டா." மறுபடி துணி, எண்ணெய், கட்டி. இந்த முறை ஆறே நாள்.

வேறு வழியின்றி வேன் இசித்ரோவின் ஷெட்டுக்கு இழுத்துவரப்பட்டது. அவன் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கினான். தட்டில் வடிந்ததை விரலால் தொட்டு அவளிடம் நீட்டினான். பாகுபோல் நூல் இழுத்தது.

"இதுதான் உங்க புனித எண்ணெய். ஆயில் கசிஞ்சு கொறைஞ்சு போயிருந்துச்சு. கெட்டியா எதையோ ஊத்தி நெரப்பியிருக்கான். தேஞ்ச பிளேட் நாலு நாள் ஒட்டிப் பிடிக்கும். அப்புறம் இன்னும் மோசமாகும்."

"ரத்தம் வந்துச்சுடா. என் கண்ணால பார்த்தேன்."

இசித்ரோ அலமாரியிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றினான். துணி செக்கச்செவேலென்று ஆனது.

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் செவப்பாத்தான் இருக்கும் அண்ணி. கடையில போய்க் கேளுங்க."

லியோனிலா அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முதலில் வெளுத்தது. பிறகு ஆயிலின் நிறத்துக்கு வந்தது. கெட்டுப்போன மீனெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இதைக் கழுவித் தொடைச்சு வை," என்றாள். "வண்டியில மாட்டாதே. வெள்ளிக்கிழமை அப்படியே இழுத்துக்கிட்டுப் போறோம்."

"கியர்பாக்ஸ் இல்லாமயா?"

"இருக்கும். ஆனா அது இருக்க வேண்டிய எடத்துல இருக்காது."

இசித்ரோவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு தாங்காமல் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் தொங்கிவிடாமல் மரக்கட்டை கொடுத்துக் கட்டினான். ஆயில் குச்சிக் குழாயை மட்டும் பழைய இடத்தில் கம்பியால் கட்டி நிறுத்தினான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. கீழே வெறும் ஓட்டை.

வெள்ளிக்கிழமை களத்தில் முன்னைவிடக் கூட்டம். ஊர்த் தலைவரே தன் காரோடு மூன்றாவதாக நின்றிருந்தார். லியோனிலாவின் வேன் வந்ததும் பிரதர் பரிவோடு தலையாட்டி, பானெட்டில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்தார். கண்ணில் நீர் கோத்தது.

"மூன்றாவது கியர்ல ஒரு பொம்பளை அழறா. பழைய முதலாளியோட மாமியார்."

"குடும்பமே வந்து எறங்கிடுச்சா பிரதர்?"

"இவதான் கடைசி. இவளை எடுத்துட்டா உனக்கு விடுதலை."

"நல்லா கேக்குதா? கியருக்குள்ளதானே இருக்கா?"

"தெளிவா கேக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு கியர் சக்கரத்தைப் பிடிச்சிருக்கா."

துணி தொங்கியது. பிரதர் மல்லாந்து உள்ளே நழுவினார், கண்களை மூடினார். ருபெர்தோ பானெட்டைத் திறந்து, பாட்டிலைக் குழாயில் கவிழ்த்தான். எண்ணெய் குழாய் வழியாக இறங்கியது. இறங்கிய இடத்தில் கியர்பாக்ஸ் இல்லை. பிரதரின் முகம் இருந்தது.

அடியிலிருந்து ஒரு அலறல். கால்கள் இரண்டும் உதறின. கூட்டத்துக்குப் புல்லரித்தது.

"மாமியார் சண்டை போடறா," என்றாள் ஒரு அம்மாள், அனுபவப்பட்ட குரலில்.

பிரதர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். தலை, மூக்கு, தாடி எல்லாம் பாகு வழிந்தது. ஆனாலும் தொழில் தர்மம் தவறவில்லை. சிவந்த கையில் கட்டி பத்திரமாக இருந்தது. "துப்பிட்டா," என்றார். "ஆனாலும் பிடுங்கிட்டேன்." கைதட்டல் களத்தை அதிரவைத்தது.

"மூன்றாவது கியர்லேர்ந்துதானே?" என்று கேட்டாள் லியோனிலா.

"மூன்றாவதுலேர்ந்துதான்."

"ரத்தமும் அதுலேர்ந்துதானே?"

"வேற எதுலேர்ந்து?"

லியோனிலா வேனின் பின்கதவைத் திறந்தாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், சாக்கின்மேல், கழுவித் துடைத்த கியர்பாக்ஸ் படுத்திருந்தது. வாயில் செய்தித்தாள் அடைத்திருந்தது.

"என் வண்டியோட கியர்பாக்ஸ் இதுதான் பிரதர். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இங்கதான் தூங்குது. நீங்க எதுக்குள்ள கைய விட்டீங்க?"

ஊர்த் தலைவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். துணியைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"ஓட்டைதான் இருக்கு," என்றார். "என் தலையே உள்ள போகும்போல."

பிரதர் சமாளித்தார். "நான் எடுத்தது கியர்பாக்ஸோட ஆத்மாவிலேர்ந்து. இரும்பு எங்க இருந்தா என்ன?"

கூட்டத்தில் பாதி தலையாட்டியது. ஆமாம், ஆட்டியது. பொய் சொல்கிறவன் ஒரு முறை யோசிக்கிறான். நம்புகிறவன் அந்தச் சிரமம்கூடப் படுவதில்லை. அந்த நேரத்தில் எண்ணெய் வழுக்கி, கட்டி பிரதரின் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. களத்து நாய் ஒன்று வந்தது. மோந்தது. ஒரே வாயில் மாமியாரை விழுங்கிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு பிரதரின் இடுப்புப் பையை முகர்ந்தது. பையை ஊர்த் தலைவர் பிடுங்கிக் கவிழ்த்தார். அன்றைய வரிசைக்குத் தேவையான பதினோரு கோழி ஈரல்கள், சிவப்புத் தண்ணீர் நிரப்பிய சின்னச் சின்னப் பைகள்.

முதலில் சிரித்தது காரைக் கயிறு கட்டி இழுத்து வந்த லிங்கயென்காரர். பிறகு களமே சிரித்தது. பிரதர் தன் காரை நோக்கி ஓடினார். அது புது வண்டி. அதுவும் கையால் கியர் மாற்றுகிற வண்டி. ஆட்டோமேட்டிக்கை அவர் ஒருநாளும் நம்பவில்லை. எண்ணெய்க் கையில் கதவு திறக்கவில்லை. ஊர்த் தலைவர் அவரையும் ருபெர்தோவையும் காணிக்கைப் பெட்டியோடு காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். தலைவருடைய கார் ஓடாததால் நடத்தியே.

லியோனிலா ஒரு மாதம் வாடகை ஜீப்பில் மீன் ஏற்றினாள். இடுப்பு ஒடிந்தது, உணவகம் கைவிட்டுப் போகவில்லை. பிறகு புது பிளேட்டுகளோடு வேன் மலையேறியது, குலுக்கல் இல்லாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை இசித்ரோவின் ஷெட் வாசலில் பதினைந்து கார்கள் நின்றன. முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, உங்க கைராசி பெரிசுன்னு சொன்னாங்க. எங்க வண்டி பானெட்ல ஒரு தடவை கை வெச்சா போதும்."

இசித்ரோ ஆயில் குச்சியை உருவி அவர் கையில் கொடுத்தான். "கை நீங்க வைங்க பெரியவரே. தொடைச்சுட்டு மறுபடி உள்ள விட்டு எடுங்க. நெறம் பாருங்க, மோந்து பாருங்க. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க."

பெரியவர் பயந்து பயந்து குச்சியை மூக்கருகே கொண்டுபோனார். "தீஞ்ச வாசனை வருதே," என்றார் ஆச்சரியத்தோடு.

அவ்வளவுதான் விஷயம். மூக்கு அவரிடம் அறுபது வருஷமாக இருந்திருக்கிறது. உங்களிடமும் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் மேலே, மண்டைக்குள், இன்னொன்றும் இருக்கிறது. காணிக்கை கேட்காமல் வேலை செய்யும், ஓட்டிப் பாருங்கள்.