'வேண்டாம்' என்று சொல்லாமல் நழுவுகிறவர்

வாசகரே, நழுவிகள் என்று ஓர் இனம் உண்டு. சங்கக் கூட்டத்தில் யாராவது தன் பெயரைச் செயலாளர் பதவிக்கு முன்மொழிந்ததும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். திரும்பி வந்தால் செயலாளர் அவர்தான். 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாமே? வாய் வராது.

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் கணினி நிரல் எழுதும் தர்மேந்திரன் இந்த இனத்தின் மணிமகுடம். ஒரு கிளினிக்கில் நோயாளிகளைக் குரல் கொடுத்து அழைக்கும் வரிசை எண் திரை அவன் கைவண்ணம். அதன் மரியாதை வாசகங்களை விளையாட்டாக மாற்றி, நிரலின் தனிப் பிரதியாக, அதாவது ஒரு கிளையாக, ஒளித்து வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை, நல்ல கிளையை இணைக்கப் போனவன் கைதவறி அந்தக் கிளையை இணைக்கச் சொல்லிவிட்டான். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள், இணைப்புக்கான குறிப்பு வாசகத்தையும் தானே எழுதி, 'சரிதானே?' என்பதுபோல விம் எடிட்டரில் திறந்து காட்டியது.

அடோய்! நம்மவன் என்ன செய்தான்? முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி என்று தட்டினான். இணைப்பு நின்றுவிடும் என்று நம்பி, சேமிக்காமல் நழுவினான். பிறகு நல்ல கிளையையும் இணைத்து, எல்லாவற்றையும் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டுத் தே தாரிக் என்னும் நுரைத் தேநீர் குடிக்கப் போனான்.

கிளினிக்கிலிருந்து தாதி பிரமிளா அழைத்தாள்.

"அண்ணே, என்னாண்ணே பண்ணீங்க? ரிட்டையர் ஹெட்மாஸ்டர் அருளம்பலம் சார, 'நாப்பத்திரெண்டு, மச்சான், சீக்கிரம் வா லா'ன்னு உங்க திரை கூப்பிடுது! பிரஷர் பாக்க வந்தவருண்ணே!"

குழுத் தலைவி சுவர்ணாவிடம் ஓடினான்.

"சேவ் பண்ணாமத்தான்க்கா மூடினேன்!"

"வாசகந்தான் ஏற்கெனவே அங்க இருக்கே. நீ சும்மா வெளிய வந்தா விம் பூஜ்யம்னு சொல்லும். பூஜ்யம்னா எல்லாம் சரின்னு அர்த்தம், கிட் இணைச்சிடும். வேணாம்னா முக்காற்புள்ளி, சி, கியூ போடணும். அப்பத்தான் விம் பிழை எண் ஒண்ணு சொல்லிட்டுப் போகும், கிட் நிறுத்தும். வாயத் தொறந்து வேணாம்னு சொல்லுலா!"

இணைப்பை நீக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்கக் கிளினிக்குக்குப் பறந்தான். அருளம்பலம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகையா? சிரிப்பு!

"தம்பி, என்னை மச்சான் எண்டு கூப்பிட ஆள் இல்லாமல் இருபது வருசம். எங்கட வயசான ஆக்களின்ர கிளப்புக்கும் இப்பிடித் திரை ஒண்டு வேணும். சனிக்கிழமை வாறீரோ?"

சனிக்கிழமை அவனுக்குக் கேமரன் மலைப் பயணம். ஒரே சொல்தான் தேவை.

"பாக்கலாம் சார்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பதில் போடாமல் நீங்கள் மூடிவைத்த கல்யாண அழைப்பு ஒன்று கைப்பேசியில் கிடக்கிறதே, அங்கே உங்களுக்கு இலை போட்டாயிற்று.