ஒன்பதுக்குப் பக்கத்தில் பத்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் தங்கையும், எங்கள் முழங்கால்கள் நான்கு நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் அக்காவும் முழங்கால் உட்பட முழு நலத்தோடு இருக்க வேண்டுகிறேன். இக்கடிதத்தைத் தாங்கள் மட்டும் தனியே படிக்கவும். வழக்கம்போலக் கூடத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டாம். இது என் மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

தாங்கள் அறிந்ததுதான். முப்பத்து மூன்று வருடம் நம் ஊர்த் தபால் நிலையத்தில், தலைநகருக்குப் போகும் கடிதங்களைப் பிரித்துப் போட்டு, நூலால் கட்டி அனுப்பியவன் நான். என் முகத்துக்கு நேரே ஒரு மரத்தட்டு, அதில் வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை, மொத்தம் நாற்பது பொந்து, பொந்துக்கு ஒரு தபால் மண்டலம். அரண்மனை அலுவலகமா, பத்து. மணிக்கூண்டுச் சதுக்கமா, பதினாலு. அருங்காட்சியகமா, இருபத்திரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஊரில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம், அதை யாரும் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை. உங்கள் தங்கை கல்யாணமான புதிதில் அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்றாள். ஓய்வு பெற்றதும் முதல் வேலை அதுதான், தலைநகர் என் உள்ளங்கை மாதிரி என்றேன். இதோ ஓய்வும் வந்தது, நாலு நாள் பயணமும் வந்தது. தாங்கள் பெரிய மனசோடு, எனக்கு அந்த ஊர் கொஞ்சம் பழக்கம், கூட வருகிறேன் என்றீர்கள். நான் அத்தனை பேர் முன்னால், எனக்கே வழிகாட்டியா மச்சான் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ரயிலை விட்டு இறங்கியதுமே, அந்த ஸ்டேஷன் கூரையை அண்ணாந்து பார்த்தால் உள்ளே மேகம் இருக்கிறதோ என்று சந்தேகம் வருகிறது. புறாக்கள் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகவே நடுவில் ஒரு விளக்கில் உட்கார்ந்து இளைப்பாறுகின்றன. எங்கள் லாட்ஜ் ஒன்பதாம் மண்டலம். அரண்மனை பத்து. பெட்டியை வைத்த கையோடு, வா, அஞ்சு நிமிஷ நடைதான், பக்கத்துப் பொந்து என்று உங்கள் தங்கையை அழைத்துக்கொண்டு வலது பக்கமாக நடந்தேன். வலது பக்கம் ஏனென்றால் மரத்தட்டில் ஒன்பதுக்கு வலது பக்கம் பத்து. நடந்தோம், நடந்தோம், இரண்டு மணி நேரம் நடந்தோம், கடைகள் முடிந்து கிடங்குகள் வந்தன, கிடங்குகள் முடிந்து ஆறு வந்துவிட்டது. அரண்மனையைக் காணோம். இப்போது என்ன சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, மச்சான், மணி அடித்தது, வண்டியெல்லாம் நின்றது, எதிரே இருந்த பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து மெதுவாக மேலே எழுந்தது. தார் ரோடும் விளக்குக் கம்பமும் வெள்ளைக் கோடும் அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கின்றன, நடுவே ஒரு கப்பல் சத்தமில்லாமல் போகிறது. கரையில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விடவில்லை. உங்கள் தங்கை தெருவில் என் கையைப் பிடித்தது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. பாலம் இறங்கினதும் அவள், இதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்களா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே ஆரம்பித்தது வினை.

இரண்டாம் நாள் மணிக்கூண்டைக் கண்டுபிடித்தேன், ஏனென்றால் அது எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அதன் பெரிய முள் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு முழம் நகர்கிறது, காலம் போகிறது என்று சும்மா சொல்கிறோமே, அதைக் கண்ணால் பார்க்க இங்கேதான் வர வேண்டும். அடுத்து அருங்காட்சியகம். பதினாலுக்கு நேர் கீழே இருபத்திரண்டு. ஆகவே கீழே இறங்கினால் வந்துவிடும் என்று சொல்லி, இறக்கமாகத் தெரிந்த படிக்கட்டில் இறங்கினோம். படி முடிந்ததும் நகரும் படி, அது முடிந்ததும் இன்னொரு நகரும் படி. கீழேன்னீங்க, இவ்வளவு கீழேயா என்று அவள் கேட்க, நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடியில் பார்த்தால் பூமிக்குள்ளே ரயில். பளிங்குச் சுவர், சுவரெல்லாம் சித்திரம், வீட்டில் கூடத்துக்குக்கூட நாம் போடாத சரவிளக்கை இவர்கள் பிளாட்பாரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் எங்களைத் தூக்கி உள்ளே வைத்தது, எட்டு நிறுத்தம் தள்ளித் தூக்கி வெளியே வைத்தது. மேலே வந்தால் ஒரு சின்னத் தெரு, தெரு முழுக்க வயலின் செய்கிறவர்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் காதைச் சாய்த்து ஒரே ஒரு கம்பியை இழுத்துப் பார்க்கிறார். தெருவே தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல இருந்தது. அருங்காட்சியகம் போனால் போகட்டும் என்று ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து மத்தியானம் வரை கேட்டோம். யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், அதாவது இன்று, எட்டாம் மண்டலத்துத் தாவரப் பூங்கா. எட்டு முதல் வரிசையின் கடைசிப் பொந்து, எங்கள் லாட்ஜ் இருக்கும் ஒன்பது இரண்டாம் வரிசையின் முதல் பொந்து. இரண்டும் இரண்டு மூலை, நடந்து கட்டாது என்று முடிவு செய்து, பூங்கா என்று பலகை போட்ட மாடி பஸ்ஸில் ஏறினோம். அது ஒன்றரை மணி நேரம் ஊரையே சுற்றியது. முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், மரக்கிளைகளெல்லாம் கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போகின்றன, மாடி வீடுகளின் சாப்பாட்டு மேஜைகள் வரிசையாகத் தெரிகின்றன. கடைசியில் பூங்கா வாசலில் இறங்கினதும் உங்கள் தங்கை, எதிரே காயுற ஈரத்துணி நான் காலையில லாட்ஜ் ஜன்னல்ல போட்டது மாதிரி இருக்கே என்றாள். மாதிரி என்ன, அதேதான். பூங்கா லாட்ஜுக்குப் பின்புறம் இருக்கிறது.

அவள் கண்ணாடி வீட்டுக்குள் தென்னை உயரத்துக்கு வளர்ந்த தாமரைத் தண்டைப் பார்க்கப் போனாள். அப்படி ஒன்று இருக்கிறது மச்சான், சத்தியம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது ஒரு தபால்காரம்மா பையோடு வந்தாள். நம் ஜாதி என்று ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, "நம்பரை வெச்சா நடந்தீங்க? அது ஊர் வரிசை இல்லீங்க, ஆபீஸ் திறந்த வரிசை. ஒன்பதை இந்தக் கோடியில திறந்தாங்க, அடுத்த மாசம் பத்தை அந்தக் கோடியில திறந்தாங்க" என்றாள். முப்பத்து மூன்று வருடம் மச்சான். எந்த ஊர் ஆபீஸ் என்று கேட்டாள், சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நூலை நெடுக்கே ஒண்ணு, குறுக்கே ரெண்டுன்னு சுத்திக் கட்டுறது நீங்களா? அந்தக் கட்டை மட்டும் நாங்க திரும்பப் பிரிச்சுப் பார்க்கிறதே இல்லை. ஒரு கடிதம்கூடத் தப்பா இருக்காது. அப்படியே பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவோம்" என்றாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. பிரிவு உபசாரத்தில் மாலை போட்டபோதுகூட நான் கலங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், எத்தனை ஜன்னல், எத்தனை கதவு, இவ்வளவு பெரிய ஊரில் என் கட்டு தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, நான் மட்டும்தான் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அரண்மனைக்கு இரண்டாம் நம்பர் டிராம், கடைசி நிறுத்தம், முக்கால் மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போனாள். முக்கால் மணி நேரம்! அஞ்சு நிமிஷ நடை என்று சொன்ன வாயால் நான் எப்படி உங்கள் தங்கையை டிராமில் ஏற்றுவது? நாளை கடைசி நாள். ஏற்றினால் என் பொய் உடைகிறது, ஏற்றாவிட்டால் அவள் அரண்மனையைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறாள். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். ஆகவே, இந்தக் கடிதத்தை ஒட்டியதும், எனக்கு இந்த ஊரில் ஒரு சந்துகூடத் தெரியாது என்று அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. நான் சொன்னதை ஏன் எதற்கு என்று கேட்காமல் நம்பியவள். இந்த ஒரு நூல் அறுந்தால் முழுக் கட்டும் அவிழ்ந்துவிடுமோ? வெள்ளிக்கிழமை வண்டிக்குத் தாங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அவள் உங்களிடம் புகார் சொல்லிக்கொண்டு முன்னால் நடக்கட்டும், நான் பெட்டிகளோடு பின்னால் வருகிறேன். சிரிப்பதாக இருந்தால் வீட்டிலேயே சிரித்து முடித்துவிட்டு வரவும்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் வாசலுக்கு வரும் கடிதமெல்லாம் நல்ல சேதியாகவே இருக்கட்டும், இது ஒன்று நீங்கலாக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையை நம்பவைத்த பாவி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும். உறையை ஒட்டும் முன்பே சொல்லிவிட்டேன். ஒன்பது, பத்து, பொந்து, தபால்காரம்மா, ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் தங்கை நம்பவில்லை. "கால் வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க. நடக்க முடியலைங்கிறதுக்காக வழி தெரியாதுன்னு யாராவது பொய் சொல்வாங்களா? அரண்மனையைக் கடைசிக்குன்னு எடுத்து வெச்சிருக்கீங்க, அதுகூடவா எனக்குப் புரியாது?" என்றாள். பாலத்தை நான் நேரம் பார்த்துக் காட்டினேனாம். வயலின் தெருவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லையாம், உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாதாம். கீழே போய் லாட்ஜ் அறையை இன்னும் பத்து நாளைக்கு நீட்டித்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கிருந்தே உங்கள் சின்னத் தங்கைக்குப் போன் போட்டு, வழிகாட்டி யாரும் வேண்டாம், அவர் இருக்கார் என்று சொல்லியாகிவிட்டது. அவளும் சகலையும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். இந்த ஊருக்கு வரவும், மச்சான். சனிக்கிழமைக்குள்.